மறக்கக் கூடாத ஓராண்டு: 2020-ஐத் திரும்பிப் பார்க்கிறோம்

 

அண்மையில் கணக்குத் தணிக்கைக்காக நமது அறக்கட்டளை அலுவலகத்தின் இரும்பு பீரோவை ஒழுங்குபடுத்தினோம். பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் நீள நோட்டு ஒன்று கிடந்தது. அட்டையில் '2020 - வீட்டுப் பட்டியல்' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே தெருவாரியாக வீடுகள், வீட்டுக்கு எத்தனை பேர், வருமானம் உண்டா, நின்றுவிட்டதா, மாத்திரை சாப்பிடும் முதியவர் உண்டா என்று நான்கைந்து பேர் கையெழுத்தில் குறிப்புகள். சில பெயர்களுக்கு எதிரே டிக், சிலவற்றின் மேல் கோடு.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு அன்று மாலை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டில் மழலையர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று மதரஸாவில் பெரிய வகுப்பில் ஓதுகிறார்கள். அவர்களுக்கு 2020 என்றால் பள்ளிக்கூடம் இல்லாத ஆண்டு, அவ்வளவுதான். பெரியவர்களான நாமும் பாதியை மறந்துவிட்டோம். வேதனையை மறப்பது அல்லாஹ் தந்த அருள். ஆனால் வேதனையில் கற்ற பாடத்தையும் சேர்த்து மறப்பது நம்முடைய பிழை. அதனால்தான் அந்த ஓராண்டை வரிசையாக நினைவுபடுத்தி, அதிலிருந்து நாம் எதை வைத்துக்கொண்டோம், எதைக் கைவிட்டோம் என்று இந்த இதழில் எழுதுகிறோம்.

காகிதங்களைத் தேடிய தொடக்கம்

2020 பிறந்தபோது நமது வீடுகளில் நோயைப் பற்றிய பேச்சே இல்லை. பேச்செல்லாம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றித்தான். 2019 டிசம்பரில் நிறைவேறிய அந்தச் சட்டம் ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. டில்லி ஷாஹீன் பாக்கில் பெண்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். பிப்ரவரி நடுவில் சென்னை வண்ணாரப்பேட்டையிலும் அது போலவே உட்கார்ந்தார்கள். அதே மாதக் கடைசியில் வடகிழக்கு டில்லியில் நடந்த கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அந்த நாட்களில் நமது அலுவலகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றுதான். "அத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லையே, என்ன செய்வது?" பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் வேறொரு எழுத்து. காதர் மைதீன், காதர் மொய்தீன், காஜா மைதீன் என்று ஒரே மனிதர் மூன்று பேராக இருந்தார். அச்சத்தினால்தான் என்றாலும், பல குடும்பங்கள் முதன்முறையாகத் தங்கள் காகிதங்களை ஒரே பையில் சேர்த்தது அப்போதுதான். சில மாதங்களில் அந்தப் பை வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை.

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். பிப்ரவரி 27 அன்று சவூதி அரசு வெளிநாட்டினருக்கு உம்ரா பயணத்தை நிறுத்தியது. அந்தச் செய்தி வந்தபோதுதான் நம்மில் பலருக்கு நெஞ்சு துணுக்கென்றது. தவாபு செய்யும் இடம் வெறுமையாக இருந்த படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, உண்மைதானா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

ஜும்ஆ இல்லாத வெள்ளி

மார்ச் 22 ஞாயிறன்று மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. மார்ச் 27 வெள்ளிக்கிழமை நமது பள்ளிவாசலில் ஜும்ஆ நடக்கவில்லை. பாங்கு மட்டும் ஒலித்தது. வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று மோதினார் ஒலிபெருக்கியில் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்ததைத் தெருவே கேட்டது.

பள்ளிவாசலைப் பூட்டுவது ஈமானுக்கு அடுக்குமா என்று அப்போது சிலர் கோபப்பட்டார்கள். அவர்களுக்கு நமது இமாம் சொன்ன விளக்கம் இன்றும் நினைவில் வைக்கத்தக்கது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே ஆலோசனை செய்து மதீனாவுக்குத் திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்கள் அந்த நோயில் வஃபாத் ஆனார்கள். மழையும் குளிரும் கடுமையான இரவுகளில் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கில் அறிவிக்கச் செய்த முன்மாதிரியும் உண்டு. உயிரைக் காப்பது மார்க்கத்துக்கு வெளியே உள்ள காரியம் அல்ல என்பதை நம்மில் பலர் அன்றுதான் முழுமையாக விளங்கிக்கொண்டோம்.

இந்தத் துக்கம் நமக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் பூஜைகள் நடந்தன, பக்தர்களுக்கு அனுமதி இல்லை. புனித வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நம் கிறிஸ்தவ அண்டை வீட்டார் வீட்டிலேயே இருந்தார்கள். புத்தூர் நால்ரோட்டில் நடுப்பகலிலும் ஆளில்லை. காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் பொன்மலை ஜி-கார்னர் மைதானத்துக்குப் போனது. சுமை தூக்கும் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், பிளாட்பாரக் கடைக்காரர், தையல்காரர், கல்யாணச் சமையல் பண்டாரி என்று அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் நம் மக்களுக்கு மூன்றாம் நாளே கை வறண்டது.

பழியும் அதற்கான பதிலும்

மார்ச் கடைசியில் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வந்தது. அங்கு தப்லீக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் பரவியது, நோயைவிடக் கொடிதாக இருந்தது. ஒரு சமூகமே திட்டமிட்டு நோயைப் பரப்பியது போல் பேசினார்கள். நோய்க்கு மதச் சாயம் பூச வேண்டாம் என்று தமிழக முதலமைச்சரே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. நமது பகுதியில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் சகோதரர் ஒருவரிடம் ஒரு தெருவில் பெயரைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த தெருவில், பெயர் தெரிந்த ஒரு இந்து அம்மா, வண்டியில் மிச்சமிருந்த பழத்தை எல்லாம் வாங்கி அக்கம்பக்கத்தில் பங்கிட்டார். இரண்டும் ஒரே காலையில் நடந்தவை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம் ஆகாது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. பரிசோதனைக்குக் கூப்பிட்டால் எங்கோ கொண்டுபோய் விடுவார்கள் என்ற வதந்தியை நம்மில் பலர் நம்பினார்கள். கைபேசியை அணைத்து வைத்தவர்களும் உண்டு. அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அதனால் முதலில் பாதிக்கப்பட்டது அவர்களுடைய வீட்டு முதியவர்கள்தான். ஆலிம்களும் ஜமாஅத்தாரும் சுகாதாரப் பணியாளர்களோடு சேர்ந்து வீடு வீடாகப் போன பிறகே மக்கள் தாமாக முன்வந்தார்கள்.

பழிக்குப் பதில் இரண்டு வழிகளில் வந்தது. முதல் வழி செயல். நோயிலிருந்து மீண்ட தப்லீக் சகோதரர்கள் ஏப்ரல் கடைசியில் டில்லியில் பிற நோயாளிகளுக்காகப் பிளாஸ்மா தானம் செய்தார்கள். யாருக்கு ஏற்றப்படும், எந்த மதத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. இரண்டாவது வழி நீதிமன்றம். ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெளிநாட்டு தப்லீக் சகோதரர்கள் 31 பேர் மீதான வழக்கை முடித்துவைத்து அவர்கள் தாயகம் திரும்ப வழி செய்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தோடு வழக்குகளை ரத்து செய்தது. டிசம்பர் 15 அன்று டில்லி நீதிமன்றம் வெளிநாட்டினர் 36 பேரை விடுதலை செய்தது. இந்தியர்கள் 70 பேர் மீதிருந்த வழக்குகளை டில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலையில்தான். பழி ஒரே இரவில் பரவியது. அது நீங்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெறுப்பை வளர்ப்பதற்காக அல்ல. கைபேசியில் வரும் செய்தியைச் சரிபார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய பாவமாகும் என்று அவர்கள் உணர்வதற்காக.

கஞ்சி இல்லாத நோன்பும் ஒரு நோட்டும்

தமிழகத்தில் ஏப்ரல் 25 அன்று நோன்பு தொடங்கியது. தராவீஹ் வீட்டில், இஃப்தார் வீட்டில். மாலையில் தூக்குவாளியோடு பிள்ளைகள் பள்ளிவாசல் வாசலில் வரிசையாக நிற்கும் காட்சி இல்லை. ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சிக்காக அரசு வழங்கும் அரிசி அந்த ஆண்டும் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அளவுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் கஞ்சி காய்ச்சக் கூடாது. அரிசியைப் பைகளில் போட்டுத் தன்னார்வலர் மூலம் வீடுகளுக்கே கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இங்கேதான் நமக்கு உண்மை விளங்கியது. கஞ்சி என்றால் வருபவருக்கு ஊற்றுவோம். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்க வேண்டியதில்லை. அரிசி என்றால் நாம் போக வேண்டும். போவதென்றால் யார் வீடு எது என்று தெரிய வேண்டும். இத்தனை ஆண்டு அறக்கட்டளை நடத்தியும் நம்மிடம் ஒரு முழுப் பட்டியல் இல்லை. சந்தா கட்டுபவர் பட்டியல் இருந்தது. உதவி கேட்டு மனு கொடுத்தவர் பட்டியல் இருந்தது. இரண்டிலும் இல்லாதவர்கள்தான் மிக அதிகம். வாடகைக்கு வந்தவர்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து சிக்கிக்கொண்டவர்கள், கேட்கக் கூச்சப்பட்டவர்கள். அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கே கிடைத்தன. கார்டு ஊரில், ஆள் இங்கே என்றிருந்த குடும்பங்களுக்கு அதுவும் எட்டவில்லை. அப்போது அவசரமாகத் தொடங்கியதுதான் அந்த நீள நோட்டு.

அந்த நோட்டில் நாங்கள் செய்த ஒரு தவறை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரு தெருவில் ஒரு வீட்டுப் பெயரின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'வெளிநாடு' என்று எழுதியிருக்கிறோம். கணவர் வளைகுடாவில் இருக்கிறார், மாடி வீடு, வசதியான குடும்பம், உதவி தேவையில்லை என்று முடிவு செய்தோம். அரிசிப் பையோடு போன தம்பிகள் அந்த வாசலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நோன்பின் கடைசிப் பத்தில்தான் தெரிந்தது, மார்ச் மாதமே அவருடைய கம்பெனி மூடிவிட்டது, சம்பளம் இல்லாமல் அறையில் ஏழெட்டு பேரோடு அடைபட்டுக் கிடக்கிறார், இங்கே அந்தப் பெண் காதுத் தோட்டை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறார் என்று. எங்கள் செயலாளர் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பாய். நானா வந்து எப்படிக் கேக்குறது?"

கேட்டுக் கை நீட்டாத ஏழையைப் பற்றி குர்ஆனில் ஓதுகிறோம். அவர் நம் தெருவிலேயே, மாடி வீட்டிலேயே இருப்பார் என்று நாம் எண்ணவில்லை.

அந்த நோன்பில் கண்ட நன்மையையும் சொல்ல வேண்டும். வழக்கமாக 27-ஆம் இரவை ஒட்டி ஸகாத் கொடுக்கும் பலர், ஆண்டு நிறைவதற்கு முன்பே கொடுக்கலாமா என்று கேட்டார்கள். நிஸாப் உள்ளவர் முன்கூட்டியே கொடுப்பது கூடும் என்றும், அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வாறு அனுமதி கேட்டுப் பெற்றார்கள் என்றும் ஆலிம்கள் விளக்கினார்கள். அதனால் ஏப்ரல் தொடக்கத்திலேயே பணம் வந்தது. மே 25 அன்று பெருநாள். ஈத்காவுக்குப் போகாமல், முஸாஃபஹா செய்யாமல், மொட்டை மாடியில் குடும்பத்தோடு தொழுத பெருநாள் அது. புது உடுப்பு எடுக்காத பணத்தைப் பலர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜனாஸா சுமந்த இளைஞர்கள்

திருச்சியின் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நமது புத்தூரில்தான் இருக்கிறது. பல மாவட்டத்து மக்கள் நம்பி வரும் மருத்துவமனை அது. 2020-இல் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத இரவு நமக்கு இல்லை. உணவகங்கள் மூடியிருந்த நாட்களில் நோயாளிகளோடு வந்தவர்கள் சாப்பாட்டுக்குத் தவித்தார்கள். நமது வீட்டுப் பெண்கள் கட்டிக் கொடுத்த பொட்டலங்களை இளைஞர்கள் கொண்டுபோனார்கள். வாங்கியவர் யார், எந்த ஊர் என்று கேட்டதில்லை.

உணவைவிடக் கடினமான வேலை ஜனாஸா. ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண் தள்ளி அவரை அடக்கினார். தமிழகமே தலைகுனிந்த இரவு அது. ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

சட்டம் தடுப்பவரைத் தண்டிக்கும். சுமப்பதற்கு ஆள் வேண்டுமே? உறவினர் தனிமையில்; அண்டை வீட்டார் அச்சத்தில். அந்த இடத்தில் தமிழகம் முழுவதும் முஸ்லிம் இளைஞர்கள் முன்வந்தார்கள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்று பாராமல், அவரவர் மத முறைப்படி அடக்கம் செய்தும் மயானத்தில் ஒப்படைத்தும் வந்தார்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி உடலைக் கசியாத உறையில் வைத்து, உறையின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். குளிப்பாட்டவோ தொடவோ கூடாது. முகத்தை மட்டும் காட்டலாம். தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம். குளிப்பாட்டாமல் எப்படி அடக்குவது என்று அழுத குடும்பங்களுக்கு, இயலாத நிலையில் மார்க்கம் தரும் சலுகைகளை உலமாக்கள் எடுத்துச் சொன்னார்கள். கொள்ளைநோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதுடைய நன்மை உண்டு என்ற நபிமொழியின் கருத்தே பலருக்கு ஆறுதலாக இருந்தது.

நமது பகுதி இளைஞர்கள் சிலரும் பாதுகாப்பு உடை அணிவதையும் கழற்றுவதையும் கற்றுக்கொண்டார்கள். அணிவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம் என்று அவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள். வீட்டில் தாய்மார்கள் தடுக்கவில்லையா என்று கேட்டோம். "அம்மாதான் துஆ செய்து அனுப்பினாங்க" என்றார் ஒருவர்.

போகாத ஹஜ்ஜும் வந்து சேர்ந்த விமானங்களும்

2019-இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் ஹஜ் செய்தார்கள். 2020-இல் சவூதியில் வசித்தவர்களிலிருந்து மிகச் சிலருக்கே அனுமதி; ஆயிரம் பேர் அளவில் என்றுதான் அறிவிப்பு வந்தது. இந்தியாவில் விண்ணப்பித்திருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும் என்று ஜூன் 23 அன்று மத்திய அரசு அறிவித்தது. பணம் திரும்பியது, காலம் திரும்பவில்லை. 2021-லும் வெளிநாட்டினருக்கு ஹஜ் இல்லை. 2022-இல் திறந்தபோது 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு வயது வரம்பு நீங்கும் முன்பே, பயணப் பை கட்டிக் காத்திருந்த பெரியவர்கள் சிலர் நம்மை விட்டுப் போய்விட்டார்கள். வசதி வந்ததும் ஹஜ்ஜைத் தள்ளிப்போடாதீர்கள் என்று ஆலிம்கள் சொல்வதன் பொருள் அவர்களை நினைக்கும்போது விளங்குகிறது.

மே மாதத்திலிருந்து வந்தே பாரத் விமானங்கள் வெளிநாட்டில் தவித்தவர்களைக் கொண்டுவரத் தொடங்கின. திருச்சி விமான நிலையத்திலும் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து நம் ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஆகஸ்ட் 7 இரவு, அத்தகைய ஒரு விமானம் துபாயிலிருந்து வந்து கோழிக்கோட்டில் மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்தது. 190 பேரில் 21 பேர் உயிரிழந்தார்கள். கொண்டோட்டி மக்கள் தொற்றைப் பொருட்படுத்தாமல் மழையில் ஓடிவந்து, சொந்த வண்டிகளில் காயமடைந்தவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நள்ளிரவில் இரத்த வங்கிகளின் வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டின் மிகத் துயரமான இரவுகளில் ஒன்று, மனிதர் மேல் நம்பிக்கை வந்த இரவும் அதுதான்.

பிள்ளைகளின் படிப்பு

ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து. அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் மகிழ்ச்சிதான். ஆனால் வகுப்புகள் கைபேசிக்கு மாறியபோது, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் அத்தாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலை. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. அந்த ஆண்டில் படிப்பை நிறுத்திப் பட்டறைக்கும் கடைக்கும் போன சில ஆண் பிள்ளைகள் பிறகு திரும்பவில்லை. அவசரத்தில் திருமணம் முடித்துவைக்கப்பட்ட சில பெண் பிள்ளைகளின் சான்றிதழ்கள் இன்றும் பள்ளியில்தான் இருக்கின்றன. நம்முடைய உதவி அரிசிப் பையோடு நின்றுவிட்டது. புத்தகப் பையைப் பற்றி நாங்கள் அப்போது யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அதே ஆண்டு அக்டோபர் கடைசியில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து நீட் தகுதி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கதவு திறந்த பிறகு

செப்டம்பர் 1 அன்று தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டன. முகக்கவசம் அணிந்து, வீட்டிலேயே உளூ செய்து, சொந்த முஸல்லாவை எடுத்துக்கொண்டு, இடைவெளி விட்டு நின்றோம். பல மாதங்களுக்குப் பிறகு பள்ளிவாசல் தரையில் நெற்றி வைத்த முதல் ஸஜ்தாவில் அழாதவர் யார்? ஸஃபில் விட்ட இடைவெளிகளில் சில, நோயால் விட்ட இடைவெளி அல்ல. அங்கே நிற்க வேண்டியவர்கள் மையவாடியில் இருந்தார்கள்.

மறு ஆண்டு இரண்டாம் அலை வந்தது. அது இன்னும் கடுமை. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில், கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் வந்தபோது, இறப்புச் சான்றிதழும் பரிசோதனை முடிவும் வைத்திருந்தவர்கள் விரைவாகப் பெற்றார்கள். 2020 தொடக்கத்தில் அஞ்சியபடி காகிதங்களைச் சேர்த்தோமே, அந்தப் பைதான் இப்போது உதவியது. சேர்க்காதவர்கள் அலைந்தார்கள்.

நோட்டைத் திறப்போம்

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறோம். அதில் கடைசிப் பதிவு 2021 நடுவில். பிறகு யாரும் எழுதவில்லை. நிலைமை சரியாகிவிட்டது, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். ஜனாஸா வேலை கற்ற இளைஞர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். புதியவர் யாரும் கற்கவில்லை. நாளை வெள்ளமோ நோயோ வந்தால், மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். 2020-இல் தெரியாமல் இருந்தோம், மன்னிப்பு உண்டு. இப்போது தெரிந்தும் இருந்துவிட்டால் அது வேறு கணக்கு.

ஆகவே உங்கள் ஒத்துழைப்போடு நான்கு காரியங்களைத் தொடங்குகிறோம்.

முதலாவது, வீட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதுகிறோம். நமது தன்னார்வலர்கள் வருவார்கள். உதவி தேவையில்லாத வீடும் விவரம் தரவேண்டும். எல்லா வீடும் பட்டியலில் இருந்தால்தான், தேவைப்படும் வீடு தனித்துத் தெரியாது, கூச்சமும் இருக்காது. இந்த முறை எந்தப் பெயரின் மேலும் கேட்காமல் கோடு போட மாட்டோம்.

இரண்டாவது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே ஜனாஸாப் பயிற்சி. குளிப்பாட்டுதல், கபன் இடுதல், தொற்றுநோய்க் காலப் பாதுகாப்பு மூன்றும் கற்றுத்தரப்படும்.

மூன்றாவது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு காகிதப் பை வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், கொடுத்த கடன், வாங்கிய கடன், அமானிதம். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் தெரிய வேண்டும். பெயர் எழுத்து மாறியிருந்தால் திருத்த நமது அலுவலகத்தில் உதவுகிறோம்.

நான்காவது, அந்த ஆண்டில் படிப்பை விட்ட பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள். தனித்தேர்வராக எழுதவோ, தொழிற்பயிற்சியில் சேரவோ வழி இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

தோட்டை அடகு வைத்த அந்தச் சகோதரி, புதிய பட்டியலுக்காகத் தன் தெருவில் பெண்களிடம் விவரம் எழுதித் தருவதாகத் தாமாக முன்வந்திருக்கிறார். முதல் பக்கத்தை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.

அந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த அனைவருக்கும் அல்லாஹ் மஃபிரத் அருள்வானாக. பிறருக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்த மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள், நம் இளைஞர்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக. அண்டை வீட்டார் பசித்திருக்க நாம் உண்டு உறங்கும் நிலையிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர், புத்தூர்.